உறங்கிய வண்டியை எழுப்புதல்

நம் கல்லூரி மாணவருள் மோட்டார் சைக்கிளின்மீது ஆசையில்லாதார் மிகச் சிலர். ஆசையுள்ளாருள்ளும், தார்ச் சாலையில் விரையும் வண்டியை விரும்பாது, கல்லும் சேறும் ஓடையும் நிறைந்த மலைவழிகளிற் செல்லுதற்கென்றே உயரமாகச் செய்யப்பெற்ற வண்டியை விரும்புவோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். இளைஞர் இதனை ‘ஆஃப்-ரோடு பைக்’ என்று வழங்குவர். 2011-ஆம் ஆண்டில் ‘இம்பல்ஸ்’ என்னும் வண்டியும், 2016-இல் ‘ஹிமாலயன்’ என்பதும், 2019-இல் ‘எக்ஸ்பல்ஸ்’ என்பதும் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. 2015-இல் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் என்பார் டக்கார் பந்தயத்தை முற்ற ஓடி முடித்த முதல் இந்தியர் என்னும் பெயர் பெற்றபின், இவ்வாசை இன்னும் கொழுந்துவிட்டது.

ஆயினும் இவ்வண்டிகளுக்கு ஒரு விதி உண்டு. இவற்றை வாங்கினார் யாவரும் நாள்தோறும் மலையேறுபவரல்லர். விடுமுறைக்கு விடுமுறை வெளியே எடுப்பர். ஒரு மழைக்காலம் முழுதும் சேறு பூசி மகிழ்வர். பின்னர் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிடுவர். நாள்தோறும் அலுவலகம் செல்லும் குமாஸ்தாவின் வண்டியிற் பெட்ரோல் பழையதாவதற்கு நேரமே இல்லை. காட்டுவழி வண்டியோ மாட்டுக்கொட்டிலின் ஓரத்திற் சாக்கு மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தபோது நிறுத்திய வண்டியை அதன்பின் தொடாதவர் எனக்குத் தெரிந்தே பலர். அவ்வண்டிகளை இப்பொழுது நம் மாணவர் குறைந்த விலைக்கு வாங்கி, விடுதியின் பின்புறத்தில் வைத்து உதைத்துக்கொண்டிருக்கக் காண்கிறேன். அக்காட்சியே இதனை எழுதத் தூண்டிற்று.

உறங்கிய வண்டியை எழுப்புவது நல்ல காரியமே. புதியது வாங்குவதினும் பழையதைச் சீர்செய்வதில் அறிவும் வளரும், கைப்பொருளும் மிஞ்சும். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கெல்லாம் எழுப்பும் வரிசையைப் பற்றியதே. எல்லாரும் முதலில் என்ஜினைத் தொடுகின்றனர். நானோ என்ஜினைக் கடைசியில் தொடவேண்டும் என்கிறேன். நிற்கத் தெரியாத வண்டியை ஓடச் செய்தல் கூடாது.

இக்கருத்தை நான் புத்தகத்திலிருந்து பெறவில்லை. சிறுமலையில் என் தமையனாருக்குச் சிறிது வாழைத்தோட்டம் உண்டு. அவர் அங்குச் சென்று வருவதற்கு வைத்திருந்த 150 சி.சி. வண்டி ஒன்று, அவர் வேலையின் பொருட்டு வெளிநாடு சென்றபின், நான்கு ஆண்டுகள் தோட்டத்து வீட்டின் சாய்ப்பில் நின்றிருந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நானும் என் தங்கை மகனும் அதனை எழுப்ப முற்பட்டோம். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பழைய பெட்ரோலை இறக்கிப் புதியதை ஊற்றினோம், பிளக்கைத் துடைத்தோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். பன்னிரண்டாம் உதையில் என்ஜின் உயிர்த்தது. அவ்வொலியைக் கேட்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பையன் கைகொட்டிக் குதித்தான். “மாமா, ஊற்றுவரை போய் வரலாம்” என்றான். நானும் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சமநிலத்தில் முன்பிரேக்கின் பிடியைத் தொட்டபோது அது சற்றுத் தளர்ச்சியாயிருந்ததை உணர்ந்தேன். காற்றுப் புகுந்திருக்கும், மாலையிற் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பின்பிரேக்கை ஒருமுறையேனும் மிதித்துப் பார்த்தேனில்லை. ஊற்றுக்கு இறங்கும் சரிவில் முன்பிடியை அழுத்தினேன். அது ஒரு தடையுமின்றிக் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. பின்பிரேக்கை மிதித்தேன்; கல்லை மிதித்தாற் போலிருந்தது. அப்பொழுது நான் செய்த பேதைமை இன்னொன்று. பதற்றத்திற் கிளட்சைப் பிடித்துவிட்டேன். என்ஜினால் உண்டாகும் சிறு தடையும் அதனோடு நீங்கிற்று. வழியோரத்தில் அடர்ந்திருந்த உண்ணிச்செடிப் புதரே எங்களை நிறுத்தியது. எனக்கு முட்களின் கீறல் மட்டும். பையனுக்கு இடது முன்கை எலும்பு முறிந்தது.

பின்னர் வண்டியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. முன்பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறு ரப்பர்க் கிண்ணம் பதங்கெட்டு, திரவத்தைத் தள்ளும் ஆற்றலின்றிப் போயிருந்தது. பின்சக்கரத்து டிரம்மிற்குள் பிரேக் கட்டைகளை விரிக்கும் அச்சு, பசையின்றித் துருப்பிடித்து இறுகியிருந்தது. இவ்விரண்டையும் அரைநாளிற் கண்டுபிடித்திருக்கலாம். அந்த அரைநாளை நான் கார்புரேட்டரோடு கழித்தேன். குற்றம் வண்டியினுடையதன்று, என்னுடையதே.

என்ஜினின் ஒலிக்கு ஒரு மயக்கும் தன்மை உண்டு. அது கேட்டவுடன் வேலை முடிந்ததென்று மனம் தீர்மானித்துவிடுகிறது. பத்தாண்டு கிடந்த வண்டி முதன்முதல் உறுமும் காட்சியைப் படமாக்கிக் கைப்பேசித் திரையிற் காட்டுவோர் இன்று பலர். அப்படங்கள் யாவும் அவ்வுறுமலோடு முடிகின்றன. அதன்பின் அவ்வண்டி எங்கே சென்றது, எப்படி நின்றது என்பதை ஒருவரும் காட்டுவதில்லை. “ஸ்டார்ட் ஆகிவிட்டது” என்பதும் “ஓடத்தக்கதாயிற்று” என்பதும் ஒன்றல்ல. இவற்றின் இடையே குறைந்தது இரண்டு நாள் வேலை இருக்கிறது.

அவ்வேலையிற் பிரேக்கே முதலாவது. டிஸ்க் பிரேக்கில் உள்ள திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்டி ஓடினாலும் நின்றாலும் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ‘டாட் 4’ என்னும் வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடு வரையிலேனும் கொதியாதிருக்கவேண்டும் என்பது அதற்குரிய விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் அதே விதி 155 டிகிரியோடு மனநிறைவு கொள்கிறது. நீண்ட மலைச்சரிவில் டிஸ்க் சூடேறும்போது திரவம் கொதித்து ஆவியாகுமாயின், பிடி வெற்றாகக் கைப்பிடியைத் தொடும். அன்றியும், உறிஞ்சிய நீர் உள்ளிருந்தே பிஸ்டனைத் துருவேற்றி இறுகச் செய்யும். ஆதலின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டியிற் பழைய திரவம் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் அதனை முற்றும் வெளியேற்றி, அன்று திறந்த புதுப்புட்டியிலிருந்து ஊற்றவேண்டும். அலமாரியில் மிச்சமிருந்த புட்டி உதவாது. அதுவும் ஈரங் குடித்திருக்கும். ஊற்றும்போது டாங்கியின்மேற் சிந்தாமற் பார்த்துக்கொள்க. அத்திரவம் வர்ணத்தை அரித்துவிடும். ரப்பர்க் கிண்ணங்களையும் வளையங்களையும் புதிதாக மாற்றுவதே நன்று. டிரம் பிரேக்காயின் சக்கரத்தைக் கழற்றி, அச்சைத் துருநீக்கிச் சிறிதளவு கிரீஸ் தடவுக. அது கட்டைகளின்மீது படலாகாது.

பிரேக்கோடு சேர்த்தே முன்ஃபோர்க்கையும் நோக்கவேண்டும். காட்டுவழி வண்டியின் ஃபோர்க் நீண்டது. அதன் பளபளக்கும் குழாய் பள்ளங்கள்தோறும் இறங்கியேறும். சேற்றோடு நிறுத்திய வண்டியில் அச்சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயிற் சிறுசிறு துருப்புள்ளிகளை உண்டாக்குகிறது. பின்னர் வண்டியை எடுத்து ஓட்டும்போது அப்புள்ளிகள் வாளின் பல்லைப்போல ஆயில் சீலைக் கிழிக்கின்றன. ஒழுகும் எண்ணெய் கீழே வழிந்து எங்கே சேர்கிறது? முன்பிரேக்கின் டிஸ்க்கிலே. எனவே ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு கண்டால், அதை அழுக்கென்று துடைத்துவிட்டுப் போகலாகாது. பிரேக்கு நோயென்றே கொள்ளவேண்டும்.

டயரைப் பற்றிச் சில சொற்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘2319’ என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். பொத்தான்போற் புடைத்த ரப்பர்க் கட்டிகள் தேயாமல் உயரமாகவே நிற்பதைக் கண்டு, “டயர் புதிது” என்று விற்பவர் சொல்லுவர். தேய்ந்ததா என்பதன்று கேள்வி. இறுகியதா என்பதே கேள்வி. கட்டியை விரலால் வளைத்து அதன் அடியைப் பாருங்கள். அங்கே மயிரிழை போன்ற வெடிப்புகள் காணுமாயின், ஈரமான பாறையில் அது சவுக்காரம்போல வழுக்கும். டியூபையும் உடனே மாற்றிவிடலாம். அதற்கு அதிகச் செலவில்லை.

கேபிள்கள், ஆக்சிலரேட்டர் விட்டவுடன் தானே திரும்புகிறதா என்பது, பின்கையைத் தாங்கும் பேரிங்குகள், செயின், தளர்ந்த ஆரக்கம்பிகள் இவற்றையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்லித் தருவார், நான் விரிக்கவில்லை.

இனிப் பெட்ரோல். வண்டிகள் எழ மறுப்பதற்குப் பெருங்காரணம் இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் கூறுவேன். பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவையே குளிர்ந்த என்ஜினில் முதலில் தீப்பற்றுபவை. அவையே முதலில் ஆவியாகியும் போய்விடுகின்றன. எஞ்சியவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பிசினாகவும் மெருகெண்ணெய் போன்ற படலமாகவும் மாறுகின்றன. இப்பிசின் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கி, ‘பைலட் ஜெட்’ என்னும் சிறு துவாரத்தை அடைத்துவிடும். அத்துவாரத்தின் விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைபட்ட வண்டி சோக்கைப் பிடித்தாற் கிளம்பும். சோக்கை விட்டால் அணையும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மட்டும் ஓடும். இக்குறி காணின் வேறெங்கும் தேடவேண்டாம். ஜெட்டைக் கழற்றி, அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து, காற்றால் ஊதுக. இரும்பூசியாற் குத்துவோர் பலர். பித்தளைத் துவாரம் சிறிது அகன்றாலும் அளவு கெடும்; பின்பு அந்த ஜெட்டு குப்பைக்கே உரியது.

நம் நாட்டில் இதனோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துள்ளது. பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்தைக் கலக்கும் திட்டம் 2022-இல் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவையும், 2025-இல் இருபது பங்கு என்ற அளவையும் எட்டிற்று. எத்தனால் நீரை விரும்புவது. பாதி நிரம்பிய டாங்கியில் மேலேயுள்ள காற்று, பகலில் விரிந்து இரவிற் சுருங்கும். சுருங்குந்தோறும் வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே புகும். நீர் ஓரளவு சேர்ந்தபின் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, நீரோடு கூடி டாங்கியின் அடியிற் போய்த் தங்குகிறது. எரிபொருட் குழாய் எடுப்பதும் அடியிலிருந்தே. எனவே அடியிலுள்ள தகடு துருவேறுவதும், கார்புரேட்டர்க் கிண்ணத்தில் வெண்மையான மாவு படிவதும் ஒருங்கே நிகழ்கின்றன. வேதாகமக் கதையில், மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியருள் ஐவர் எண்ணெய் இல்லாமையால் வெளியே நின்றனர். நம் வண்டியோ எண்ணெயை விடாது வைத்திருந்தமையாலேயே வெளியே நிற்கிறது!

டாங்கியில் துரு இருப்பின், எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரிற் கரைத்து ஓரிரவு ஊறவைத்துக் கழுவலாம். நம் தாய்மார் புளியிட்டுப் பித்தளை விளக்குவதற்கு இது தூரத்து உறவு. கழுவியபின் சலவைச் சோடா நீரால் அமிலத்தின் மிச்சத்தைப் போக்கி, அப்பொழுதே வெயிலில் உலர்த்தி, உட்புறமெங்கும் எண்ணெய் படும்படி உருட்டவேண்டும். ஒரு மணிநேரம் அசட்டையாயிருந்தாற் செம்மஞ்சள் நிறம் மீண்டும் படர்ந்துவிடும். கார்புரேட்டருக்குப் பதிலாக ஊசிமூலம் எரிபொருள் பாய்ச்சும் வண்டிகளில் பம்பும் அதன் வலையும் டாங்கிக்குள்ளேயே இருத்தலால், துருவை இன்னும் அஞ்சவேண்டும். அவ்வகை வண்டிகளுட் பலவற்றை உதைத்தெழுப்பவும் இயலாது. பாட்டரி உயிரோடிருந்தாலன்றி ஒன்றும் நடவாது. முழுதும் ஊட்டிய பாட்டரி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். பல மாதங்கள் வெறுமையாய்க் கிடந்ததற்குச் சார்ஜ் ஏற்றி ஏற்றி நாளைக் கழிப்பதைவிட, மாற்றுவதே சிக்கனம்.

நம் நாட்டு வண்டிச்சாய்ப்பில் வேறு சில குடித்தனக்காரரும் உண்டு. குளவி, டாங்கியின் காற்றுக்குழாயிலும் கார்புரேட்டரின் வடிகுழாயிலும் மண் அப்பி வீடு கட்டும். அதனை அறியாதார், பெட்ரோல் இறங்காத காரணம் தேடி வண்டி முழுதும் கழற்றுவர். எலி, ஏர் ஃபில்டர்ப் பெட்டியிற் பஞ்சும் வைக்கோலும் திணித்து, மின்கம்பியின் தோலையும் சுவைத்திருக்கும். ஃபில்டரின் நுரைப்பஞ்சு பழமையால் உதிருமாயின், அத்துகள் நேரே என்ஜினுக்குள் போகும். இருக்கையைக் கழற்றிக் கண்ணாற் பாராது ஒருகாலும் உதைக்கற்க.

இவையெல்லாம் முடிந்தபின் என்ஜினுக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, ஓரிரவு விடுக. மறுநாள் மேல் கியரிற் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுக. சுழன்றால் நலம். சுழலாவிடில் வலிமையைக் காட்டலாகாது, மெக்கானிக்கை அழைக்கவேண்டும். பழைய ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்றி, பிளக்கின்றியே பலமுறை உதைத்து ஆயிலை மேலே ஏறச்செய்து, அதன்பின்னரே பிளக்கைப் பூட்டிக் கிளப்புக. கிளப்புவது வெளிமுற்றத்தில் இருக்கட்டும். மூடிய அறையில் ஓடும் என்ஜினின் புகையிலுள்ள கரிப்புகைவாயு, மணமும் நிறமுமின்றி ஆளைக் கொல்வது. நண்பர் இருவரைக் கொண்டு சரிவில் தள்ளிக் கிளப்பும் வழக்கத்தை நான் முற்றும் வெறுக்கிறேன். வண்டி எழும்போதே ஓடிக்கொண்டும் இருப்பதால், நிற்குமா என்பதைச் சோதிக்க இடமேயில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும். “என்ஜின் உயிரோடுள்ளதா என்பது தெரியாமற் பிரேக்குக்கும் டயருக்கும் பணம் செலவிடுவதா? என்ஜின் செத்திருப்பின் அச்செலவு வீண் அல்லவோ?” என்பர். நியாயமான கேள்வியே, சிறப்பாக, கைப்பணம் எண்ணி வாங்கும் மாணவனுக்கு. அன்னார்க்கு இவ்வளவு விட்டுக்கொடுப்பேன்: என்ஜின் கையாற் சுழல்வதைக் கண்டபின், வண்டியை நடுத்தாங்கியிலோ பெட்டியின்மீதோ ஏற்றிப் பின்சக்கரம் நிலந்தொடாதபடி நிறுத்தி, சிறு புட்டியிலிருந்து குழாய்மூலம் புதிய பெட்ரோலைக் கொடுத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்கலாம். கேட்டபின் அணைத்துவிட்டு, சாவியை வீட்டுப் பெரியவர் கையிற் கொடுத்துவிட்டு, பிரேக்குக்கு வரவேண்டும். சாவி நம் சட்டைப்பையில் இருக்குமாயின் ஊற்றுவரை போய்வரத் தோன்றும். நான் அறிவேன்.

நம் விடுதியாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாணவர் பழைய வண்டிகளை விடுதிக்குக் கொண்டுவருவதைத் தடுப்பதினும், வேலை செய்வதற்கு ஒரு கூரையும் ஒரு மேசையும் ஒதுக்கி, மாதத்திற்கொருமுறை ஊரிலுள்ள நல்ல மெக்கானிக் ஒருவரை வரவழைத்தால் பயன் மிகும். பௌதிக வகுப்பில் திரவத்தின் அழுத்தம் எங்கும் சமமாய்ப் பரவும் என்று படிப்பவன், மாஸ்டர் சிலிண்டரைக் கையிற் பிடித்தால் அதனை மறக்கமாட்டான். ரசாயன வகுப்பில் எத்தனாலும் நீரும் கலப்பதைப் படிப்பவன் டாங்கியின் அடியை நோக்கினால் வேறு சோதனைச்சாலை வேண்டாம். மறைவில் நடக்கும் வேலையே அவசரமாக நடக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாயின் பதிவைப் புதுப்பிக்கவேண்டும் என்பதையும், இன்ஷியூரன்ஸ் இன்றிச் சாலைக்கு வரலாகாதென்பதையும் அம்மேசையருகே எழுதி ஒட்டிவிடலாம்.

என் மருமகனின் கை ஆறு வாரத்தில் கூடிற்று. அவன் தாய் அவ்வண்டியின் பேச்சையெடுக்கச் சில மாதங்கள் ஒருவருக்கும் இடங்கொடுக்கவில்லை, அது முறையே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவளே இசைந்து அவனைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். நான்கு நாள் அவ்வண்டியோடு இருந்தோம். முதல் மூன்று நாளும் என்ஜினைத் தொடவில்லை. அவன் பிடியை அழுத்த, நான் திருகைத் திறக்க, பழைய திரவம் கறுப்பாய்க் குப்பியில் இறங்கிற்று. குமிழிகள் நின்று தெளிவாய் வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தான். அறுபத்தேழு முறை என்றான். நான்காம் நாள் மாலை முற்றத்திலேயே, நடைவேகத்தில், இருபது அடி ஓட்டி நிறுத்தினேன். மறுபடியும் ஓட்டி நிறுத்தினேன். அவன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை கைகொட்டவில்லை. “பின்பிரேக்கை மட்டும் தனியே ஒருமுறை மிதியுங்கள், மாமா” என்றான்.